துவேஷி என்ற பழி: ஹைதராபாத் அரசியல் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, "பாலாநகர்ல அம்பது வருஷத்துக்கு மேல இருக்கீங்க சார், உங்களுக்குச் சொல்ல விஷயமா இல்லை?" என்றார்கள். விஷயம் இருக்கிறது. ஆனால் அது பெருமைப்படும் விஷயம் அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உறுத்திக்கொண்டிருப்பது. அதைத் தனியாகச் சொன்னால் வெறும் சொந்தக் கதையாகப் போய்விடும் என்பதால், இந்த ஊரின் வரலாற்றோடு சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு கையெழுத்து

நான் 1971ல் கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். அந்நாளில் பாலாநகர் என்றாலே தொழிற்சாலைகள்தாம். ஐ.டி.பி.எல். மருந்து ஆலை, எச்.ஏ.எல். நிறுவனத்தின் விமான மின்னணுப் பிரிவு, கருவி வடிவமைப்புக்கான மத்தியப் பயிற்சி நிலையம், கூட்டுறவுத் தொழிற்பேட்டையில் வரிசையாக லேத் பட்டறைகள். காலை ஏழு மணிக்கு நர்சாபூர் சௌரஸ்தாவில் நின்றால் தெலுங்கு, உருது, தமிழ், மலையாளம், ஒரியா எல்லாம் காதில் விழும். நான் வேலை பார்த்த ஆலை எது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. எந்த ஆலையிலும் நடந்திருக்கக் கூடிய சங்கதிதான் இது.

1982ல் எங்கள் தொழிற்சங்கத் தேர்தல் வந்தது. மேதக் ஜில்லாக்காரர் ஒருவர் செயலாளர் பதவிக்கு நின்றார். அவர் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. கடந்த 5 ஆண்டுகளில் ஹெல்பர் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வந்தார்கள், எத்தனை பேர் சிபாரிசில் வந்தார்கள் என்ற கணக்கை நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அவர் கேட்டது சட்டத்துக்கு உட்பட்ட கேள்விதான். ஆலைக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்க, உள்ளே யார் யாருடைய மச்சான்களோ வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பது மணிக்கு எதிர் அணியைச் சேர்ந்த இருவர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். "சார், அந்த ஆளு மதராசிங்க எல்லாம் மூட்டை கட்டணும்னு பேசறான். நீங்க தமிழ்க்காரங்க ஏழெட்டுப் பேர் ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

"நான் என் காதால கேக்கலையே" என்றேன்.

"நீங்க கேக்கலைன்னா என்ன சார், நாங்க கேட்டோம்ல."

அவர்களும் கேட்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் முந்தின வருஷம்தான் சிபாரிசில் ஹெல்பராகச் சேர்ந்திருந்தான். அந்தக் கணக்கு பலகையில் ஏறினால் அவன் பெயரும் ஏறும். மறுநாள் கேட் மீட்டிங்கில் எங்கள் காகிதம் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. தமிழர், மலையாளி, ஒரியாக்காரர் ஓட்டெல்லாம் ஒரே பக்கம் போயிற்று. மேதக்காரர் தோற்றார். அந்தக் கணக்கை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் இந்த ஊரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் ஆலைக் கேட்டில் ஒரு நாள் நடந்தது, இந்த நகரத்தில் பல பதிற்றாண்டுகளாகப் பெரிய அளவில் நடந்து வந்திருக்கிறது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது.

முல்கி விதி கேட்டது என்ன?

'முல்க்' என்றால் நாடு. 'முல்கி' என்றால் இந்நாட்டான். நிஜாம் ஆட்சியில் வேலைவாய்ப்பு பற்றிய இந்தச் சண்டை மிகப் பழையது. முதலாம் சாலார் ஜங் திவானாக இருந்தபோது நிர்வாகத்தைச் சீர்திருத்த வட இந்தியாவிலிருந்து படித்தவர்களை வரவழைத்தார். 1880களில் ஆட்சிமொழி பாரசீகத்திலிருந்து உருதுவாக மாறியது. உள்ளூர்ப் படித்தவர்களுக்கு அப்போதே மனக்குறை தொடங்கிவிட்டது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1919ல் முல்கி விதிகளை முறைப்படுத்தி ஆணை பிறப்பித்தார். சமஸ்தானத்தில் பிறந்தவர், அல்லது 15 ஆண்டுகள் இங்கேயே நிலையாக வாழ்ந்து, சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டதாக உறுதிமொழி தருபவர் முல்கி ஆவார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதியில் இனம் இல்லை, சாதி இல்லை, மொழி இல்லை. 15 வருஷம் இருந்தால் தமிழனும் முல்கிதான். விதி பார்த்தது ஒருவன் இங்கே வாழ்ந்த காலத்தை மட்டுமே.

நம்மவர்களும் இந்த மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். 1806ல் செகந்திராபாத் உருவானபின் மதராஸ் படையோடும் அதற்குச் சாமான் சப்ளை செய்த வணிகர்களோடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்தன. 1862ல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் மஹபூப் காலேஜ் ஆயிற்று. 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் அமெரிக்கா போகுமுன் சொற்பொழிவு ஆற்றிய இடம் அது. பத்மாராவ் நகர் என்ற பெயரும் ஒரு முதலியார் பெயர்தான். தினமும் பஸ்ஸில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1952: இட்லி சாம்பார் கோ பேக்

1948 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை நடந்து ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது. ஜெனரல் சௌதுரியின் ராணுவ ஆட்சிக்குப் பின் 1950 ஜனவரியில் எம்.கே. வெல்லோடி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி முதலமைச்சராக நியமிக்கப்பட்டார். பழைய சமஸ்தான ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் கொண்டுவரப்பட்டார்கள். 1918ல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் உருது வழியில் பட்டம் பெற்றவர்கள், அலுவலகம் ஆங்கிலத்துக்கு மாறியதும் ஒரே நாளில் படிக்காதவர்களைப் போல ஆனார்கள். போதாக்குறைக்கு, வந்தவர்களில் சிலர் போலி முல்கிச் சான்றிதழ் வாங்கி நிரந்தர வேலைகளில் உட்கார்ந்தார்கள். 'ஹைதராபாத்காரனுக்கு வேலை தெரியாது' என்ற ஏளனப் பேச்சும் அலுவலகங்களில் சகஜமாக இருந்தது. பேசியவர்களில் நம்மவர்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

1952ல் பொதுத்தேர்தல் முடிந்து பூர்குல ராமகிருஷ்ண ராவ் முதலமைச்சரானார். அதே ஆண்டு வரங்கல்லில் ஆசிரியர் நியமனம், இடமாற்றம் பற்றி எழுந்த மாணவர் கிளர்ச்சி ஹைதராபாத் நகருக்குப் பரவியது. 'நான்-முல்கி கோ பேக்' என்பது முதல் கோஷம். சீக்கிரமே 'இட்லி சாம்பார் கோ பேக்' என்றும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் 3, 4 தேதிகளில் சிட்டி காலேஜ் பக்கமும் பழைய நகரிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நீதிபதி பிங்களி ஜகன்மோகன ரெட்டி தலைமையில் விசாரணை நடந்தது.

அந்த இரண்டு கோஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கோஷத்தில் ஒரு சட்டக் கேள்வி இருந்தது. போலிச் சான்றிதழ் கொடுத்தது யார், வாங்கியது யார், எத்தனை பேர் என்று அதற்குக் கணக்கால் பதில் சொல்லியிருக்க முடியும். இரண்டாவது கோஷம் அடுத்தவன் வீட்டுச் சமையலறையைக் கேலி செய்தது. நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இட்லி வார்த்துக்கொண்டிருந்த முதலியார் வீட்டுக்கும், நேற்று ரயிலில் வந்திறங்கிய அதிகாரி வீட்டுக்கும் அது வித்தியாசம் பார்க்கவில்லை. அங்கே குறை துவேஷமாயிற்று. அதைத் துவேஷம் என்று சொல்வது பழி அல்ல, உண்மை.

ஆனால் அதன் விளைவு என்ன? போலிச் சான்றிதழ்க்காரர்களுக்கும் அவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் இரண்டாவது கோஷம் ஒரு கேடயமாக அமைந்தது. 'இவர்கள் கேட்பது வேலை அல்ல, இவர்கள் வெளியூர்க்காரனை வெறுப்பவர்கள்' என்று சொல்லிவிட்டால் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? எங்கள் ஆலையில் 1982ல் நடந்ததும் இதுதான். ஒரே வித்தியாசம், 1952ல் அப்படி ஒரு கோஷம் மெய்யாகவே எழுந்தது. எங்கள் ஆலையில் அதை நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

சாப்பாட்டைக் கோஷமாக்குவது ஹைதராபாத்தோடு நிற்கவில்லை. இலங்கையில் 1965ல் டட்லி சேனாநாயக்கவும் தந்தை செல்வாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1966 ஜனவரியில் தமிழ்மொழி விதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில், டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு சிங்களத் தலைவரையே தமிழன் பக்கத்து ஆள் என்று காட்ட ஒரு வடை போதுமாக இருந்தது.

1956 முதல் 1973 வரை: பழி இடம் மாறுகிறது

'ஒரே தெலுங்கு பேசும் மக்களுக்குள் இனவெறி ஏது?' என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. 1955ல் ஃபஸல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு இதைப் பொறுமையாக ஆராய்ந்தது. கல்வியில் முன்னேறிய கடலோர ஆந்திரர்கள் வந்தால் தாங்கள் மூழ்கிப்போவோம், சுரண்டப்படுவோம் என்ற அச்சம் தெலங்கானா மக்களிடம் இருப்பதை அறிக்கையில் எழுதியது. 1961 வாக்கில் நடக்கும் பொதுத்தேர்தல் வரை தெலங்கானா தனி மாநிலமாக இருக்கட்டும், பிறகு சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் இணையலாம் என்று யோசனை சொன்னது. அது ஏற்கப்படவில்லை. 1956 பிப்ரவரி 20 அன்று இரு பகுதித் தலைவர்களும் 'பெரிய மனிதர் ஒப்பந்தம்' செய்துகொண்டார்கள். அமைச்சரவையில் 60க்கு 40 விகிதம், வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு, முதல்வர் ஒரு பகுதி என்றால் துணை முதல்வர் மறு பகுதி என்றெல்லாம் எழுதினார்கள். நவம்பர் 1ல் ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. முதல் அமைச்சரவையிலேயே துணை முதல்வர் பதவி நிரப்பப்படவில்லை.

1969 தொடக்கத்தில் கொத்தகூடம், பால்வஞ்சா பகுதியில் அனல்மின் நிலைய வேலைகள் பற்றி மூண்ட கிளர்ச்சி தெலங்கானா முழுக்கப் பரவியது. பாதுகாப்பு விதிகள் மீறப்பட்டன என்பதும், தெலங்கானாவின் உபரி வருவாய் வேறு பகுதிக்குப் போயிற்று என்பதும் குறைகள். இரண்டுமே எண்ணிப் பார்க்கக் கூடியவை. உபரியைக் கணக்கிடக் குழுக்கள் அமைக்கப்பட்டதும் உண்மை. ஆனால் மேடையில் கணக்கு எடுபடவில்லை. ஒரு பக்கம் 'கொள்ளைக்காரர்கள்' என்றது. மறு பக்கம் 'பிரிவினைவாதிகள், ஆந்திர துவேஷிகள்' என்றது. நடுவில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். 369 பேர் என்று இயக்கத்தார் சொல்கிறார்கள். கன் பார்க்கில் உள்ள தியாகிகள் ஸ்தூபி அவர்களுக்காக எழுந்தது.

1971 மக்களவைத் தேர்தலில் மர்ரி சென்னா ரெட்டி தலைமையிலான தெலங்கானா பிரஜா சமிதி தெலங்கானாவின் 14 இடங்களில் 10ஐ வென்றது. அதே ஆண்டு அந்தக் கட்சி காங்கிரஸில் கரைந்துவிட்டது. சென்னா ரெட்டி 1978ல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்துக்கே முதலமைச்சரானார். அதற்காக அவரை நான் குறை சொல்லவில்லை. அரசியலில் சமரசம் பாவம் அல்ல. ஆனால் நேற்று வரை ஒருவரை ஒருவர் கொள்ளைக்காரன், துவேஷி என்று சொன்னவர்கள் ஒரே கட்சியில் பக்கத்து நாற்காலியில் உட்கார முடிந்தது என்றால், அந்த வார்த்தைகளில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு உபாயம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. செத்த பையன்கள் அதை நம்பினார்கள்.

பிறகு பழி இடம் மாறியது. உச்ச நீதிமன்றம் 1969 மார்ச்சில், தெலங்கானாவில் வேலைக்குக் குடியிருப்புத் தகுதி கேட்ட 1957ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. 1972 அக்டோபர் 3 அன்று முல்கி விதிகள் செல்லும் என்றது. உடனே கடலோர ஆந்திரத்தில் 'ஜெய் ஆந்திரா' கிளர்ச்சி எழுந்தது. 'நம் தலைநகரிலேயே நாம் அந்நியரா? இது நமக்கு எதிரான பாரபட்சம்' என்பது அவர்கள் முறையீடு. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தெலங்கானாக்காரரைக் குறுகிய மனத்தவர் என்றவர்கள், இப்போது தாங்களே தனி மாநிலம் கேட்டார்கள். அன்று தனி மாநிலம் கேட்டவர்களில் சிலரோ ஒற்றுமை பேசினார்கள். 1973 ஜனவரியில் பி.வி. நரசிம்ம ராவ் அமைச்சரவை போய், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆறு அம்சத் திட்டம் வந்து முல்கி விதி முடிவுக்கு வந்தது. 1975ல் மண்டல வாரியாக உள்ளூர்க்காரர்களுக்கு இட ஒதுக்கீடு செய்து குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது.

அந்த ஆணையும் மீறப்பட்டதாகப் புகார் வந்தது. தெலங்கானா ஊழியர் சங்கத்தார் 58,962 பேர் என்று எண்ணிக்கையே சொன்னார்கள். 1985 டிசம்பர் 30ல் அரசாணை 610 பிறந்தது. 2001ல் கிர்கிளானி ஆணையம் போட வேண்டி வந்தது என்றால், இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அந்த ஆணை எவ்வளவு நிறைவேறியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். எண்ணிக்கை சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வதைவிட, கேட்டவனைத் துவேஷி என்பது எல்லா அரசாங்கத்துக்கும் சுலபமாக இருந்தது.

நம் வீட்டுக் கதையும் அதுதானே

தெலுங்கர் சண்டையில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் இதே நாடகம் முன்பே நடந்திருக்கிறது. 1916 டிசம்பரில் பி. தியாகராய செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை கணக்கோடு பேசியது. 1912ல் 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர் என்று எண்ணிக் காட்டியது. அதற்குக் கிடைத்த பதில்களில் அதிகம் ஒலித்தது, 'இது வகுப்புவாதம், பிராமண துவேஷம்' என்பதுதான். 1921ல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி அரசாணை கொண்டுவந்தது. 1925ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுக்கப்படாமல் போகவே பெரியார் வெளியேறினார். 1951ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

அந்த நீண்ட போராட்டத்தில் மேடைப் பேச்சு வரம்பு மீறிய சந்தர்ப்பங்களும் உண்டு. தனி மனிதர்கள், ஒரு தவறும் செய்யாதவர்கள், பிறப்புக்காக அவமானப்பட்டதும் உண்டு. இந்த ஊரில் குடியேறிய நம் பிராமணக் குடும்பங்கள் சில அந்த மனக்காயத்தோடு வந்தவை. அதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் 128க்கு 93 என்பதற்குத் 'துவேஷம்' என்பது பதில் ஆகாது.

நேர்மாறான உதாரணம் பம்பாய். 1966ல் சிவசேனை பிறப்பதற்கு முன்பே பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை, கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக வெளியிட்டது. பார்த்தால் அதுவும் ஒரு கணக்குப் போலத்தான் தோன்றும். ஆனால் நியமன விதி என்ன, எங்கே மீறப்பட்டது, யார் மீறினார் என்று அது கேட்கவில்லை. இவர்கள் பெயரைப் பாருங்கள் என்றது, அவ்வளவுதான். பிறகு உடுப்பி ஓட்டல்கள் அடிபட்டன. கணக்குக் கேட்பது ஒன்று, பெயர்ப்பட்டியல் ஒட்டுவது வேறொன்று. முதலாவதற்குத் துவேஷப் பட்டம் கட்டுவது எவ்வளவு தப்போ, இரண்டாவதைப் பார்த்து வாய்மூடி இருப்பதும் அவ்வளவு தப்பு.

2009க்குப் பின்: நம் கண்முன் நடந்தது

2009 நவம்பரில் கே. சந்திரசேகர் ராவ் உண்ணாவிரதம் இருந்தார். டிசம்பர் 9ல் மத்திய அரசு தெலங்கானா அறிவிப்புச் செய்தது. 2010 இறுதியில் ஸ்ரீகிருஷ்ணா குழு வருமானம், பாசனம், கல்வி என்று புள்ளிவிவரங்களோடு அறிக்கை தந்தது. இரு தரப்பும் தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் படித்தார்கள். 2011 மார்ச் 10 அன்று 'மில்லியன் மார்ச்' நடந்தபோது டேங்க் பண்டில் அன்னமய்யா, ஸ்ரீஸ்ரீ உள்ளிட்ட தெலுங்குச் சான்றோர் சிலைகள் உடைக்கப்பட்டன. அது துவேஷச் செயல்தான். ஆனால் அந்த ஒரு நாளின் படம் அடுத்த மூன்றாண்டுகளுக்கு இயக்கத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலாகக் காட்டப்பட்டது. இயக்கத்தாரோ, சிலை உடைத்ததைக் கண்டித்தவர்களை எல்லாம் ஆந்திர ஏஜெண்ட் என்றார்கள்.

2014 ஜூன் 2ல் தெலங்கானா பிறந்தது. அதன்பின் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, புதிய அரசு மாணவர்களுக்கான கட்டண உதவித் திட்டத்துக்கு 1956ஐ எல்லைக்கோடாக வைத்தது. குடும்பம் அதற்கு முன்பே இங்கே இருந்தால்தான் பிள்ளைக்கு உதவி. எங்கள் வீட்டிலும் அன்று இரவு அந்தப் பேச்சுத்தான். "தாத்தா 1971லதானே வந்தீங்க, அப்ப நான் யாரு?" என்று பேத்தி கேட்டாள். அவள் பிறந்தது செகந்திராபாத்தில், அவள் அப்பா பிறந்தது பாலாநகரில். பழைய நிஜாம் விதிக்குக்கூட 15 வருஷம் போதுமாக இருந்தது! அந்தத் திட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டது. அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே யாரும் முதலமைச்சரை வெறியர் என்று வாதாடி வெல்லவில்லை. இந்த ஆணையின் இந்த வரி தப்பு என்று காட்டினார்கள். அது போதுமாக இருந்தது.

இரண்டாவது, 2015 மே 31 அன்று மேலவைத் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுக்க முயன்றதாக ஒரு வழக்கு வெடித்தது. அதன் சரி தப்பு நீதிமன்றத்தின் பாடு. ஆனால் அதைத் தொடர்ந்து, ஹைதராபாத்தில் ஆந்திரர் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டும், மறுசீரமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி கவர்னர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை ஆந்திர அரசுத் தரப்பிலிருந்து உரக்க எழுந்தது. அந்த வாரம் குக்கட்பல்லியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஆந்திரருக்கு முந்தின வாரத்தைவிட எந்த ஆபத்தும் கூடியிருக்கவில்லை. தலைவர்களுக்கு வந்த நெருக்கடி மக்களுக்கு வந்த நெருக்கடியாகச் சொல்லப்பட்டது. வழக்குச் செய்தி பின்னால் போகப் போக அந்தக் கோரிக்கையும் அடங்கிவிட்டது.

மறு தரப்பும் சளைத்ததல்ல. இயக்க காலத்தில் 'ஆந்திராவாலே பாகோ' என்று கேட்ட அதே தெருக்களில், 2016 மாநகராட்சித் தேர்தல் வந்ததும் குடியேறியவர்களைக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். 150ல் 99 இடம் கிடைத்தது. 2018 சட்டமன்றத் தேர்தலில் சந்திரபாபு நாயுடு எதிர்க்கூட்டணியில் சேர்ந்ததும், 'மறுபடியும் ஆந்திர ஆதிக்கம் வருகிறது' என்ற பழைய பல்லவி திரும்பியது. பாலாநகர் சேர்ந்துள்ள எங்கள் குக்கட்பல்லித் தொகுதியில் தெலுங்கு தேசம் என்.டி.ஆர். குடும்பத்து நந்தமூரி சுஹாசினியை நிறுத்தியது. வென்றவர் டி.ஆர்.எஸ். கட்சியின் மாதவரம் கிருஷ்ணா ராவ். அவரே 2014ல் தெலுங்கு தேசம் வேட்பாளராக அதே தொகுதியில் வென்றவர். ஆந்திரர் நிறைந்த தொகுதி அது. மக்கள் மேடை வசனத்தைக் கேட்டுவிட்டு, ரோடு, தண்ணீர், தெரிந்த முகம் என்று பார்த்து ஓட்டுப் போட்டார்கள். அதில் எனக்கு ஓர் ஆறுதல்.

என்ன கேட்க வேண்டும்?

இத்தனை பக்கம் எழுதியது நம் சங்கத்து இளைஞர்களுக்காகத்தான். நாம் இந்த ஊரில் பெரிய ஓட்டு வங்கி அல்ல. ஆனால் பழி சுமத்த நம்மைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து, 'அவன் நம்மவர்களை வெறுக்கிறான்' என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். அவன் என்ன செய்தான் அல்லது என்ன சொன்னான்? நேரில் பார்த்தவர், கேட்டவர் யார்? இப்போது என்ன பரிகாரம் வேண்டும் என்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கூட நில்லுங்கள், பயப்படாதீர்கள். 'இட்லி சாம்பார் கோ பேக்' என்று கத்தினால் அதைத் துவேஷம் என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது. 'அவனைத் தோற்கடிக்க வேண்டும்' என்பதே பரிகாரம் என்றால், வந்தவர் வேறு ஏதோ கணக்கை மறைக்கிறார் என்று அர்த்தம். பொய்ப் பழியால் பழி சுமந்தவன் மட்டும் கெடுவதில்லை. நாளைக்கு உண்மையாகவே நம்மை ஒருவன் அவமதிக்கும்போது, 'இவங்க எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க' என்று ஊர் நகர்ந்து போய்விடும்.

மேதக்காரரிடம் வருகிறேன். சிலை உடைந்த அந்த வாரத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தார். இருவரும் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. சிலையை உடைத்தது தப்பு என்று தன் ஊர்க் கூட்டத்தில் பேசியிருக்கிறார். அதற்கு அவரையே 'ஆந்திராவாளுக்கு அம்முடுபோயாடு', விலைபோனவன், என்று சொல்லிவிட்டார்களாம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்போதுதான் 1982 காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். மைத்துனன் விஷயத்தையும் சொன்னேன்.

"தெலுசு சார்" என்றார். "மீட்டிங் முடிஞ்சதும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாத்தேன். உங்க கையெழுத்து மட்டும் தமிழ்ல இருந்துச்சு. என்னான்னு படிச்சுச் சொல்ல கேண்டீன் பையனைக் கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கணக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் இப்போது இல்லை. கணக்கும் வரவில்லை. நர்சாபூர் சௌரஸ்தாவில் 2021ல் மேம்பாலம் வந்துவிட்டது. பழைய கேட் மீட்டிங் நடந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அன்று நான் எழுதிக் கொடுத்தது பொய் என்பதை அச்சில் ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.